நாடு, ராஜ்யம், ஸ்வாராஜ்யம்: ஆட்சிச் சொற்களும் வ்யாக்யான வழக்கும்

திவ்யதேசங்கள் 108 என்று கொண்ட பூர்வர்கள் அவற்றை நாடு வாரியாகப் பிரித்து எண்ணினர். சோழ நாடு 40, பாண்டிய நாடு 18, மலை நாடு 13, நடு நாடு 2, தொண்டை நாடு 22, வட நாடு 11, திருநாடு 2 என்பது அக்கணக்கு. எல்லையும் கொடியும் படையும் தனக்கென்று ஒரு சட்டமும் உடைய நிலப்பரப்பே நாடு என்று பழகிய இக்காலத்து வாசகர் அப்பொருளை இப்பட்டியலின்மேல் ஏற்றிப் பார்த்தால், ஏழில் ஒன்றுக்கேனும் அது சரியாக அமையாது. சோழ நாடும் பாண்டிய நாடும் அரச குலத்தால் பெயர் பெற்றவை. மலை நாடு நிலத்தின் இயல்பால் பெயர் பெற்றது. நடு நாடு இடையில் கிடந்தமையால் அப்பெயர் பெற்றது. திருவஹீந்திரபுரமும் திருக்கோவலூரும் பல குலத்து அரசர் கைக்கு மாறியபோதும் அப்பெயர் மாறவில்லை. வட நாடோ திருவேங்கடம், அஹோபிலம் தொடங்கி அயோத்தி, நைமிசாரண்யம், ஸாளக்ராமம், பதரி, த்வாரகை வரை பரந்தது. இவ்வளவையும் ‘வட நாடு’ என்ற பெயரால் ஒருவன் ஆண்டதாக எந்தச் சரித்திரமும் இல்லை. திருநாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

இவற்றுள் திருவேங்கடத்தின் நிலை தனித்து ஆராயத்தக்கது. திருப்பதி வட்டாரத்துச் சோழர் காலக் கல்வெட்டுகள் அப்பகுதியைத் திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாடு என்று குறிக்கும். கோட்டம் என்பது தொண்டை மண்டலத்துக்கே உரிய பிரிவு. ஆகவே ஆட்சிக் கணக்கில் திருமலை தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தது. திவ்யதேசக் கணக்கில் அது தொண்டை நாட்டின் 22-இல் சேராமல் வட நாட்டின் தலைப்பில் நிற்கிறது. அரசன் வரி வாங்கிய எல்லை ஒன்று. தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று தொல்காப்பியப் பாயிரம் காட்டிய எல்லை வேறொன்று. திவ்யதேசக் கணக்கு பின்னதைப் பின்பற்றியதாகக் கொள்வதே பொருந்தும். மூன்றாம் இராசேந்திர சோழனோடு 1279-ஆம் ஆண்டளவில் சோழர் ஆட்சி முடிந்தது. ‘சோழ நாட்டுத் திருப்பதிகள்’ என்ற வழக்கு இன்றும் மாறாமல் இருக்கிறது. ஆளும் குலம் அழிந்தபின்னும் நாடு நின்றது என்றால், அச்சொல் குறித்தது ஆட்சியை மட்டும் அன்று என்பது தெளிவு.

கல்வெட்டுகளில் ‘நாடு’ என்பது மிகச் சிறிய அளவினது. பல ஊர்கள் சேர்ந்தது நாடு. சோழ மண்டலத்தில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் நாடுகளுக்கு மேல் வளநாடு என்ற பிரிவு அமைந்தது. அதற்கு மேலது மண்டலம். வென்ற நிலங்களுக்கு அரசன் தன் விருதுப் பெயர்களையே இட்டான்: தொண்டை மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலமாயிற்று, பாண்டி நாடு ராஜராஜப் பாண்டி மண்டலமாயிற்று, ஈழம் மும்முடிச் சோழ மண்டலமாயிற்று.   சிறிய நாட்டுப் பெயர்களும் நெடுங்காலம் ஆவணங்களில் தொடர்ந்தன.

அக்கல்வெட்டுகளில் இன்னொரு வழக்கும் உண்டு. ‘நாடு’ என்ற அதே சொல் நிலத்தையும் குறிக்கும், அந்நிலத்து வேளாண் மக்களின் பேரவையையும் குறிக்கும். ‘நாட்டோம்’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டு கையெழுத்திடுபவர்கள் அவர்களே. அவ்வாறே ‘நகரம்’ என்பது வணிகர் வாழும் இடம். வணிகரின் அவையும் அதுவே. ‘ஸபை’ அந்தணர் ஊர்களின் அவை. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதன் வாரியத் தேர்தல் முறையை விரிவாகச் சொல்வது எல்லாரும் அறிந்தது. இடமும் இடத்து மக்களும் ஒரே பெயரால் வழங்குவதை இலக்கண நூலார் இடவாகுபெயர் என்பர்.

இந்த வழக்கை மனத்தில் கொண்டால் திருப்பல்லாண்டு வ்யாக்யானத்தில் ஓரிடம் புதிய தெளிவு பெறும். பெரியாழ்வார் நாட்டையும் நகரத்தையும் சேர்த்து எடுத்து, அவை இரண்டும் அறியும்படி என்று அருளிச்செய்த பாசுரத்துக்கு, பெரியவாச்சான் பிள்ளை நகரம் என்பதை விசேஷஜ்ஞர் என்றும் நாடு என்பதை அவிசேஷஜ்ஞர் என்றும் நிர்வஹித்தார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது சொல்லுக்கு எட்டாத பொருளை வலிந்து ஏற்றியதாகத் தோன்றலாம். ஆனால் அறிதல் என்ற வினைக்கு மண்ணும் மதிலும் எழுவாயாகா; அறிபவர் மக்களே. நாடும் நகரமும் அவைப் பெயர்களாகவே வழங்கிய 13-ஆம் நூற்றாண்டில், அச்சொற்களைக் கேட்டவுடன் அங்குள்ள மனிதர்களை நினைத்தல் இயல்பான வழக்கு. வ்யாக்யாதா அன்றாட வழக்கின்மேல் நின்றுகொண்டே ஸம்ப்ரதாயப் பொருளை எடுத்தார். ‘நாட்டார்’ என்ற சொல்லை வ்யாக்யானங்கள் லௌகிகர் என்ற பொருளில் பலகால் ஆள்வதும் இதன் தொடர்ச்சியே. அதனை ‘ஒரு தேசத்தின் குடிமக்கள்’ என்று பெயர்த்தால் பொருள் கெடும்.

அரச நூல்கள் ஆட்சியமைப்பை எவ்வாறு பெயரிட்டன என்பது அடுத்து நோக்கத்தக்கது. கௌடில்யர் ஸ்வாமி, அமாத்யன், ஜனபதம், துர்க்கம், கோசம், தண்டம், மித்ரன் என்று ஏழு ப்ரக்ருதிகளை எண்ணினார். இன்று ‘அரசு’ என்று ஒரே சொல்லில் சொல்லப்படும் முழுமைக்கு அங்கே முதன்மை பெற்ற தனிப்பெயர் இல்லை. உறுப்புகளின் தொகுதியே ராஜ்யம். திருக்குறள் பொருட்பாலின் முதற்குறள் ஆறு உறுப்புகளைச் சொல்லி, அவற்றை உடையவனே சிறந்த அரசன் என்கிறது. பரிமேலழகர் அங்கே இரண்டு குறிப்புகள் தருகிறார். ஒன்று, ‘குடி’ என்றது அதனை உடைய நாட்டை என்பது. மற்றொன்று, அமைச்சு, நாடு, அரண், பொருள், படை, நட்பு என்பதே முறையாயினும் செய்யுள் நோக்கி வரிசை மாறியது என்பது. அவர் காட்டிய முறை கௌடில்யரின் வரிசையே. காஞ்சியில் உலகளந்த பெருமாள் ஸந்நிதியில் திருவாராதனம் செய்த குடியினர் என்று கர்ணபரம்பரையாகச் சொல்லப்படும் அவ்வுரையாசிரியர், வடமொழி அரச நூல்களைக் கையில் வைத்துக்கொண்டே உரை செய்தார் என்பதற்கு இது போதிய சான்று. பொருட்பாலின் நடுப்பகுதியான 32 அதிகாரங்களுக்கு ‘அங்கவியல்’ என்று அவர் கொண்ட பெயரும் அதையே காட்டும்.

எனினும் இரண்டு நூல்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கௌடில்யருக்கு ஸ்வாமியும் ஏழனுள் ஒருவன். உறுப்புகளில் தலையாயது என்றாலும் உறுப்பே. குறளில் அரசன் ஆறனுள் எண்ணப்படவில்லை; ஆறையும் ‘உடையவன்’ அவன். உடையவன் என்ற இச்சொல் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு மிகப் பழகியது. சேஷியாய், ஸ்வாமியாய் நிற்கும் தத்துவம் தன் சரீரமாகிய சேதநாசேதனங்களுள் ஒன்றாக எண்ணப்படாது என்பது ஸ்ரீபாஷ்யத்தின் சரீர சரீரி பாவத்தில் அடிப்படையானது. குறளை அந்தச் சித்தாந்தத்துக்கு மேற்கோளாக்க வேண்டியதில்லை. ஆட்சி என்பதை ஒரு கூட்டமைப்பாகக் காண்பதா, ஒருவனுடைய உடைமையாகக் காண்பதா என்ற கேள்வி அக்காலத்திலேயே சொற்களின் அமைப்பில் இருந்தது என்று காணுதல் போதும்.

‘அரசு’ என்ற தமிழ்ச் சொல்லின் வரலாறு இதற்கு மேலும் வெளிச்சம் தருகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் அஃறிணை முடிபே கொள்ளும் சொற்களின் வரிசை ஒன்று உண்டு. அவ்வரிசையில் அரசு என்பதும் இருக்கிறது, அடிமை என்பதும் இருக்கிறது. அரசன் என்னும் ஆள் அஃறிணை வாய்பாட்டில் ‘அரசு’ எனப்பட்டான்; அடியவன் என்னும் ஆள் அவ்வாறே ‘அடிமை’ எனப்பட்டான். பிற்காலத்தில் முன்னது ஆளை விட்டு அமைப்பின் பெயராயிற்று. இன்று அரசு ஆணையிட்டது என்று எழுதும்போது எவரும் ஒரு மனிதனை நினைப்பதில்லை. பின்னது ஆளையும் தொண்டையும் சேர்த்தே குறித்து நின்றது; அடிமை செய்தல் என்பது வ்யாக்யானங்களில் கைங்கர்யத்துக்கு நேரான தமிழ். ஒரே இலக்கணப் பிறப்புடைய இரு சொற்களில் ஒன்று அரண்மனைக்கும் மற்றொன்று கோயிலுக்கும் போய்ச் சேர்ந்தது.

அரண்மனைக்கும் கோயிலுக்கும் இடையே சொற்கள் போய்வந்தது இந்த ஒன்றில் மட்டும் அன்று. கோயில் என்பதே கோவின் இல். ஸ்ரீவைஷ்ணவ வழக்கில் அடைமொழியின்றிக் கோயில் என்றால் திருவரங்கம். பெருமாள் என்பது சேர வேந்தர்க்கும் வழங்கிய பெயர். உடையார் என்று சோழ மன்னரைக் கல்வெட்டுகள் குறிக்கும். உபய விபூதிக்கும் உடையவர் என்று நம்பெருமாள் அருளியதாகக் குருபரம்பரை சொல்லும் திருநாமம் எம்பெருமானாருடையது. சோழர் காலத்தில் நிலம் அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். முதலாம் குலோத்துங்கன் முதலாகப் பிற்காலச் சோழர் திரிபுவனச் சக்ரவர்த்திகள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டனர். காவிரிக் கரையிலிருந்து கொண்டு மூவுலகுக்கும் சக்ரவர்த்தி என்ற விருது! மிகையென்று எவரும் அன்று நகைத்ததாகத் தெரியவில்லை. அளவற்ற ஆட்சிக்கு மொழியில் இருந்த சொற்கள் எல்லாம் எம்பெருமானுக்கு உரியவையாக வழங்கியதால், அவ்வாட்சியை உரிமை கொண்டாட விரும்பிய மன்னர் அச்சொற்களையே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆழ்வார்கள் இச்சொற்களைத் திருப்பி வாங்கினார்கள் என்று சொல்லலாம். திருவாய்மொழியில் ‘ஒருநாயகம்’ என்று தொடங்கும் நான்காம் பத்தின் முதல் திருவாய்மொழி, போட்டியற்ற ஆட்சி என்ற கருத்தையே பொருளாகக் கொண்டது. உலகம் முழுவதையும் தனி ஒருவனாக ஆண்டவன், அதே உலகத்தார் காணப் பிச்சையெடுத்து நிற்கும் நிலையை ஆழ்வார் அங்கே காட்டுகிறார். ஐச்வர்யத்தின் தோஷத்தைச் சொல்லி, பத்தாம் பாசுரத்தில் கைவல்யத்தின் தோஷத்தையும் சொல்வதாக வ்யாக்யானங்கள் அதைப் பகுத்துக் காட்டும். குலசேகராழ்வாரிடம் இதன் மறுபுறம் காணலாம். அவர் தம் பதிகங்களின் பலச்ருதிகளில் கொல்லி மலைக்கும் கூடலுக்கும் கோழிக்கும் தமக்குள்ள தலைமையைச் சொல்லிக்கொள்கிறார். சேர, பாண்டிய, சோழத் தலைமையைக் குறிக்க ஒரு மலையும் இரண்டு நகரங்களும் போதுமானவையாயிருந்தன. ராஜ்யத்தின் பெயர் அங்கே வேண்டப்படவில்லை. அவரே நான்காம் திருமொழியில் அரச போகமும் வேண்டா, இந்திர போகமும் வேண்டா, திருவேங்கடத்தில் ஒரு பறவையாகவோ மீனாகவோ மலைமேல் ஏதேனும் ஒன்றாகவோ இருந்தால் போதும் என்கிறார். ஸந்நிதி வாசலில் உள்ள படிக்குக் குலசேகரன் படி என்று பெயர் வந்ததும் அத்திருமொழியால்.

வடசொற்களில் தேசம், விஷயம், ராஜ்யம் என்ற மூன்றும் பொருள் பெயர்ந்த வரலாறு தனியே எழுதத்தக்கது. தேசம் என்பது வேதாந்த நூல்களில் இடம் என்ற அளவினது. எம்பெருமான் தேச, கால, வஸ்து பரிச்சேதம் அற்றவன் என்னும்போது எந்த அரசியல் எல்லையும் பேசப்படவில்லை; திவ்யதேசம் என்பதிலும் அதே பொருளே. தேசம் என்றால் ஒரு மக்களினத்தின் நாடு என்ற பொருள் மிகப் பிந்தியது. அப்பொருளைக் கொண்டு திவ்யதேசம் என்ற சொல்லைப் பிறமொழியில் பெயர்ப்பவர்கள் சில வேளைகளில் விபரீதமான தொடர்களை ஆக்கிவிடுகிறார்கள்.

விஷயம் என்ற சொல் செப்பேடுகளில் ஒரு நிர்வாகப் பகுதி. இதிஹாசத்தில் அரசனுடைய ஆட்சிக்கு உட்பட்ட நிலம். இன்றைய தமிழில் வெறும் செய்தி. வ்யாக்யானங்களில் ‘விஷயவாஸம்’ என்ற தொடர் நடுப்பொருளை உயிரோடு வைத்திருக்கிறது. திருவாய்மொழி ஏழாம் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழித் தொடக்கத்தில், அயோத்தியில் வாழ்ந்த புல்லும் எறும்பும் உட்பட அனைத்தையும் சக்ரவர்த்தித் திருமகன் நற்கதியில் சேர்த்தான் என்று ஆழ்வார் அருளுகிறார். அவற்றுக்கு உபாஸனம் இல்லை, ஜ்ஞானம் இல்லை. அவன் ஆண்ட நிலத்தில் கிடந்தன என்ற ஸம்பந்தம் ஒன்றே இருந்தது. ஒரு நாட்டுக்கு உரியவர் யார் என்ற கேள்விக்குப் பிறப்பு, குலம், மொழி, வரி செலுத்தல் என்று பல விடைகள் சரித்திரத்தில் உண்டு. விஷயவாஸம் அவை அனைத்தையும் விட்டு, இருத்தல் ஒன்றையே உரிமையாகக் கொள்கிறது. எறும்புக்கும் இடம் தரும் குடியுரிமை வேறெந்த அரச நூலிலும் காணக் கிடையாது.

ராஜ்யம் என்பது முதலில் இடப்பெயரே அன்று. ராஜாவின் தன்மை அல்லது செயல். கல்வெட்டுகளில் மன்னர் ப்ருதிவீ ராஜ்யம் ‘பண்ணியருளுகிறார்’; மணிப்ரவாளத்திலும் ராஜ்யம் பண்ணுதல் என்பதே வழக்கு. செய்யப்படுவது எதுவோ அது நிலமாகாது. பின்னர் அச்செயல் நிகழும் நிலத்துக்கு ஆகி, விஜயநகர காலத்தில் பேரரசின் உட்பிரிவுக்கே பெயராகிவிட்டது. சந்திரகிரி ராஜ்யம், படைவீட்டு ராஜ்யம் என்பவை தனியரசுகள் அல்ல; விஜயநகர வேந்தரின் அதிகாரிகள் ஆண்ட மாகாணங்கள். நம்பெருமாளைத் திருவரங்கத்துக்கு மீள எழுந்தருளப் பண்ணிய கோப்பணார்யரைச் சகம் 1293 (கி.பி. 1371) ஆண்டுக் கல்வெட்டுச் ச்லோகம் போற்றுகிறது, அவர் செஞ்சியிலிருந்து ஆண்டவர், ஆயினும் விஜயநகரத்துக்கு உட்பட்டவர். அக்காலத்து ஆவணங்களில் ராஜ்யம் என்று கண்டவுடன் முடியரசு என்று கொள்பவர், சரித்திரத்தில் இல்லாத அரசர் பலரைப் படைத்துவிடுவர்.

இனி ஸ்வாராஜ்யம். ஆட்சிச் சொற்களுள் இதற்குள்ள கௌரவமும் இதனால் விளைந்த குழப்பமும் வேறெதற்கும் இல்லை. ருக்வேதம் முதல் மண்டலத்து 80-ஆம் ஸூக்தம் இந்த்ரனுடைய ஸ்வாராஜ்யத்தை ருக்குதோறும் எடுத்துச் சொல்கிறது. ஐதரேய ப்ராஹ்மணத்தின் எட்டாம் பஞ்சிகையில் இந்த்ரனின் மஹாபிஷேகத்தைச் சொல்லுமிடத்தில் திசைக்கொரு ஆட்சிமுறை வகுக்கப்படுகிறது: கிழக்கே ஸாம்ராஜ்யம், தெற்கே ஸாத்வதர்களிடம் பௌஜ்யம், மேற்கே ஸ்வாராஜ்யம், வடக்கே உத்தரகுரு, உத்தரமத்ரர்களிடம் வைராஜ்யம், நடுவே குரு பாஞ்சாலர்களிடம் வெறும் ராஜ்யம். (பாகவத தர்மத்தோடும் பாஞ்சராத்ரத்தோடும் பெயரால் தொடர்புடைய ஸாத்வதர் இங்குத் தென் திசையில் வைக்கப்பட்டிருப்பது வேறோர் ஆராய்ச்சிக்கு உரியது.) இவை ஒன்றினும் ஒன்று உயர்ந்த படிகள் என்று பிற்காலத்தார் கொண்டனர், ப்ராஹ்மணமோ ஒவ்வொன்றையும் ஒவ்வொரு திசையாருக்கு உரிய அபிஷேகப் பெயராகவே தருகிறது.

சாந்தோக்யத்தின் பூமவித்யையில் இச்சொல் அரண்மனையை விட்டுப் பரவித்யைக்குள் வருகிறது. ஸநத்குமாரர் நாரதருக்கு உபதேசிக்கையில், பூமாவை அறிந்தவன் ‘ஸ்வராட்’ ஆகிறான் என்றும், வேறாக அறிந்தவர்கள் பிறரைத் தமக்கு ராஜாவாக உடையவர்கள், அவர்கள் பெறும் உலகம் அழியக்கூடியது என்றும் சொல்கிறார். முக்தன் தன்னைத்தான் ஆளும் அரசன் என்ற இச்ச்ருதியை நேர்ப்பொருளில் விட்டுவிட்டால் ஈச்வரனுக்கு நிகராக ஒவ்வொரு முக்தனும் ஒரு தனியரசனாவான்; ஸித்தாந்தம் நில்லாது. ஸ்ரீபாஷ்யகாரர் நான்காம் அத்யாயத்தின் நான்காம் பாதத்தில் இக்கேள்வியை எடுத்து இரண்டு இடங்களில் முடிவு செய்கிறார். முக்தன் அநந்யாதிபதி என்ற ஸூத்ரத்தில், பிறன் ஒருவனை அதிபதியாக உடைமை என்பது விதி நிஷேதங்களுக்கு உட்பட்டிருத்தலே என்று பொருள் விளக்குகிறார். ஸத்யஸங்கல்பனான முக்தனுடைய ஸங்கல்பம் தடைப்படாது. விதி நிஷேதத்துக்கு உட்பட்டால் தடைப்படும். ஆகவே அவனுக்கு அந்த வகை அதிபதி இல்லை. ஸ்வராட் என்றதும் இதனையே. சில ஸூத்ரங்களுக்குப் பின் ஜகத்வ்யாபாரம் அவனுக்கு இல்லை என்று நிறுவுகிறார். சேதநாசேதனங்களின் ஸ்வரூப, ஸ்திதி, ப்ரவ்ருத்திகளை நியமித்தல் பரமபுருஷன் ஒருவனுக்கே உரியது. முக்தனுக்கு அவனோடு ஸாம்யம் போகத்தில் மட்டும்.

இங்கே நிகழ்ந்ததை ஆட்சிச் சொற்களின் வரலாற்றில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று இறையாண்மை என்று சொல்லப்படுவதில் இரண்டு கூறுகள் பிணைந்துள்ளன. ஒன்று, தனக்கு மேலே கட்டளையிடுவார் இல்லாமை. மற்றொன்று, தனக்குக் கீழ் உள்ளாரைத் தடையின்றிக் கட்டளையிடுதல். இவை இரண்டும் பிரியாதவை என்பதே அரசர்களின் துணிவு. தனியரசு பெற்றவன் ஆளத் தொடங்குகிறான். பாஷ்யம் இவற்றைப் பிரித்துவிட்டது. ஸ்வராட்டுக்கு மேலே கர்மம் என்னும் ஆணை இல்லை. ஆனால் அவன் ஆளுவதற்குக் கீழே ஒருவரும் இல்லை. ‘பிறன்’ என்ற சொல்லால் விலக்கப்பட்டது கர்மவச்யதையே. ஸ்வபாவஸித்தமான பகவத் சேஷத்வம் அதில் அடங்காது என்பது ஆசார்யர்களின் நிர்வாஹம். ‘கைங்கர்ய ஸாம்ராஜ்யம்’ என்று ஸம்ப்ரதாயத்தில் வழங்கும் தொடர் கேட்போருக்கு முதலில் முரணாகத் தோன்றும். தொண்டு செய்வது எப்படிப் பேரரசாகும்? இரண்டாம் கூற்றை நீக்கி முதற் கூற்றை மட்டும் வைத்துக்கொண்டால் முரண் இல்லை.

இதிலிருந்து எழும் பிணக்கு ஒன்று நம் காலத்தது. ஸ்வாதந்த்ரியம் என்பது வேதாந்தத்தில் முதலில் கர்த்ருத்வத்தைப் பற்றிய சொல். பாணினி கர்த்தாவுக்கு இலக்கணம் கூறியதும் இச்சொல்லைக் கொண்டே. ஜீவன் கர்த்தா என்று கர்த்ரதிகரணம் நிறுவ, அக்கர்த்ருத்வம் பரமாத்மாவுக்கு ஆயத்தமானது என்று பராயத்தாதிகரணம் முடிவு செய்கிறது. ஸ்ரீவசனபூஷணம் முதலிய ரஹஸ்யங்களில் ஸ்வாதந்த்ரியம் சேதனனுக்குக் குற்றமாகவும் பாரதந்த்ரியம் அவனுக்கு ஸ்வரூபமாகவும் பேசப்படும். அதே சொல்லின் தமிழ் வடிவான சுதந்திரம், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி அரசியல் விடுதலைக்குப் பெயராயிற்று. 1906-இல் கல்கத்தாக் காங்கிரஸில் தாதாபாய் நௌரோஜி ஸ்வராஜ்யத்தை இலக்காகச் சொன்னார். 1929 டிசம்பரில் லாஹூரில் பூர்ண ஸ்வராஜ்யம் தீர்மானமாயிற்று. இந்த இரண்டு வழக்குகளையும் ஒன்றாகக் கலந்து, பாரதந்த்ரியத்தைப் போற்றிய ஸம்ப்ரதாயம் அடிமைத்தனத்துக்கு அஞ்சாத மக்களை உண்டாக்கியது என்று குறை கூறுவோர் உண்டு.

அக்குறை சொல்லின் ஒலியை மட்டும் கேட்டதால் வந்தது. ப்ரணவத்தின் உகாரம் பிறர்க்கு உரியனாகாமையைச் சொல்கிறது என்பது முமுக்ஷுப்படியின் ஸாரம். அநந்யார்ஹ சேஷத்வம் என்பது ஒருவனுக்கு அடிமை என்பதோடு நில்லாது, வேறெவர்க்கும் அடிமை அன்று என்பதையும் அதே மூச்சில் சொல்கிறது. விலக்கப்பட்ட அந்த வேறொருவருள் அரசனும் அடக்கம். ‘சொன்னால் விரோதம்’ என்று தொடங்கும் திருவாய்மொழியில் ஆழ்வார் மானிடரைக் கவி பாட மறுக்கும்போது மறுக்கப்படுபவர் பெரும்பாலும் பரிசில் தரக்கூடிய செல்வரும் மன்னருமே.

குருபரம்பரையில் இதற்குக் காட்டாகக் கச்சி வரலாறு ஒன்று போதும். தன்னைப் பாடுமாறு பல்லவன் ஏவ, கணிகண்ணன் மறுத்தான். ஊரைவிட்டுப் போ என்பது அரசன் ஆணை. ஒருவனைத் தன் எல்லைக்கு வெளியே துரத்தும் அதிகாரம் ஆட்சியின் கடைசிக் கருவி. அதற்குமேல் அரசனிடம் உள்ளது வாள் மட்டுமே. சிஷ்யன் போனான், திருமழிசையாழ்வார் உடன் போனார், ஆழ்வார் சொற்படி திருவெஃகாப் பெருமாளும் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அரசனுடைய எல்லைக்குள் இருந்த நகரம் அப்படியே இருந்தது, அதை நகரமாக்கியது எதுவோ அது வெளியேறிவிட்டது. பல்லவன் பின்தொடர்ந்து வந்து வேண்டி அழைத்த பிறகே மூவரும் மீண்டனர். ஓரிரவு அவர்கள் தங்கிய இடம் ஓரிருக்கை என்று பெயர் பெற்று, இன்று ஓரிக்கை என வழங்குகிறது.

இக்காலச் சொற்களுக்கு வந்தால், அவையும் ஒரே பொருளில் நிற்பவை அல்ல. மாநிலம் என்பது பழந்தமிழில் பேருலகம். இன்று ஒன்றியத்தின் ஓர் உறுப்பு. 1969 ஜனவரி 14 முதல் சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியபோது, ‘நாடு’ என்பது தனியரசல்லாத ஒரு நிலப்பகுதியைக் குறித்தது. ஐக்கிய நாடுகள் என்னும் தொடரில் அதே சொல் தனியரசுகளை மட்டும் குறிக்கிறது. முன்னது கல்வெட்டு வழக்குக்கு அணுக்கமானது. தனியரசின் தன்மைக்கு இந்தியத் தமிழ் இறையாண்மை என்றும், இலங்கைத் தமிழ் இறைமை என்றும் ஆள்கின்றன. இறை என்ற பழஞ்சொல்லுக்கு அரசன், கடவுள், அரசனுக்குச் செலுத்தும் வரி என மூன்று பொருளும் உண்டு. வரி நீக்கிய நிலம் கல்வெட்டுகளில் இறையிலி. விஷ்ணு ஆலயத்துக்கு விட்ட நிலம் திருவிடையாட்டம். திருவிடையாட்டத்தை இறையிலியாக்கி மன்னன் எழுதிக் கொடுத்த ஆவணங்களில், அந்நிலத்தில் அரசனுக்கு இறை இல்லை என்பதும், அதற்கு இறைவன் உண்டு என்பதும் ஒரே சொல்லின் இரு பொருளால் அமைகின்றன.